ரோலர் நூற்பை முதலில் கண்டுபிடித்தவர் யார்? ஆர்க்ரைட்டா, லூயிஸ் பாலா?

பஞ்சுப்பட்டை
திங்கள், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். ஜவுளித் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு, இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நூற்பு இயந்திரங்களின் தொடக்க வரலாறு பற்றி அடுத்த வாரம் வகுப்பில் பேச வேண்டும். எங்கள் பாடக்குறிப்பில் மூன்றே வரிதான் இருக்கிறது. 1764இல் ஹார்கிரீவ்ஸின் ஜென்னி, 1769இல் ஆர்க்ரைட்டின் வாட்டர் பிரேம் (ரோலர்களைக் கொண்டு நூற்கும் இயந்திரம்), 1779இல் கிராம்ப்டனின் மியூல். நூலகத்தில் பழைய புத்தகம் ஒன்றைப் புரட்டினால், ரோலர்களைக் கொண்டு நூற்பதற்கு லூயிஸ் பால் என்பவர் 1738ஆம் ஆண்டே காப்புரிமை பெற்றுவிட்டார் என்று இருக்கிறது. ஆர்க்ரைட்டுக்கு 31 ஆண்டுகள் முன்பு! பிறகு ஏன் பாலின் பெயர் எங்கள் குறிப்பில் இல்லை? ஆர்க்ரைட் திருடிவிட்டாரா? தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

தறிமேடை
திங்கள், இரவு 9.50

தம்பி, நூற்பை மட்டும் தனியாக எடுத்துப் பேசாதீர்கள். கதை தறியில் தொடங்குகிறது. 1733இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பரி என்ற ஊரைச் சேர்ந்த ஜான் கே, பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை வாங்கினார். நாடா என்பது தறியில் குறுக்கு நூலை இழுத்துச் செல்லும் கருவி. அதுவரை நெசவாளர் நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். அகலத் துணி என்றால் இரண்டு ஆள் உட்கார வேண்டும். கே வந்த பிறகு, கயிற்றைச் சுண்டினால் நாடா தானாக ஓடியது. தறியின் வேகம் கூடியதும் நூலுக்குப் பஞ்சம் வந்துவிட்டது. முன்பே ஒரு தறிக்கு நான்கைந்து பேர் இராட்டை சுற்றினால்தான் நூல் போதும் என்ற நிலை. நெசவாளர் காலையில் வீடு வீடாக நடந்து நூல் சேகரித்துவிட்டு வந்துதான் தறியில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டிலும் ஊடை நூல் (குறுக்கு நூல்) தீர்ந்த நாள்களில் தறி சும்மா கிடந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த நெருக்கடி எனக்குப் புரியும்.

அதே ஜான் கேதான் பிறகு ஆர்க்ரைட்டுக்கும் இயந்திரம் செய்து கொடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுப்பூச்சி
திங்கள், இரவு 10.31

தறிமேடை ஐயா சொன்னதில் கடைசி வரியை மட்டும் திருத்த வேண்டும். அவர் வேறு ஜான் கே. பறக்கும் நாடா செய்தவர் பரி ஊர்க்காரர். ஆர்க்ரைட்டுடன் வேலை செய்தவர் வாரிங்டன் ஊரில் கடிகாரம் செய்துகொண்டிருந்த இன்னொரு ஜான் கே. பெயர் ஒன்றாக இருப்பதால் பல இடங்களில் இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். பஞ்சுப்பட்டை, வகுப்பில் இதை மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். லூயிஸ் பாலும் ஜான் வயட்டும் கூட்டாளிகள். வயட் தச்சர், நல்ல இயந்திர மூளை. காப்புரிமை பால் பெயரில் இருந்தது. யாருடைய பங்கு எவ்வளவு என்பதில் அவர்கள் காலத்திலிருந்தே சச்சரவு உண்டு. 1741இல் பர்மிங்காமில் ஒரு சிறு ஆலை அமைத்தார்கள். இரண்டு கழுதைகள் செக்கு சுற்றுவதுபோல் சுற்றி வந்து இயந்திரத்தை ஓட்டின. பத்துப் பெண்கள் கவனித்துக்கொண்டார்கள். ஓரிரு ஆண்டுகளில் நார்தாம்ப்டனில் எட்வர்ட் கேவ் என்ற பதிப்பாளர் உரிமம் வாங்கி, ஆற்று நீர்ச் சக்கரத்தால் ஓடும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். ஐந்து இயந்திரம், ஒவ்வொன்றிலும் 50 கதிர் (நூலை முறுக்கிச் சுற்றும் தண்டு). ஆக 250 கதிர்கள். உலகில் தண்ணீரால் ஓடிய முதல் பருத்தி நூற்பாலை அதுதான். ஆர்க்ரைட் அப்போது பத்து வயதுப் பையன்.

ஆனால் இந்த ஆலைகள் லாபம் காணவில்லை. வயட் கடனுக்காகச் சிறைக்குப் போனார். பால் மனம் தளராமல் 1748இல் சிக்கெடுக்கும் கார்டிங் இயந்திரத்துக்கும், 1758இல் மறுபடியும் நூற்பு இயந்திரத்துக்கும் காப்புரிமை வாங்கினார். மறுஆண்டே இறந்துவிட்டார். இருபது ஆண்டு உழைத்த மனிதர். குறிப்பில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

பஞ்சுப்பட்டை
திங்கள், இரவு 10.44

மிக்க நன்றி ஐயா. ஆனால் ஒன்று புரியவில்லை. பாலின் இயந்திரத்திலும் ரோலர், ஆர்க்ரைட்டின் இயந்திரத்திலும் ரோலர். பின் ரோலர் மெதுவாக, முன் ரோலர் வேகமாக. கொள்கை ஒன்றுதானே? ஒருவர் தோற்று மற்றவர் ஜெயித்தது எப்படி?

ரிங்பிரேம்38
செவ்வாய், காலை 5.58

மூன்றாம் ஷிப்ட் பழக்கம் போகவில்லை, இன்னும் இந்த நேரத்துக்கே விழிப்பு வந்துவிடுகிறது. நூற்பாலையில் 38 ஆண்டு வேலை பார்த்தேன், கடைசிப் பதினைந்து ஆண்டு ஸ்பின்னிங் மாஸ்டராக. தம்பி கேட்ட கேள்விக்குப் பதில் ரோலரில் இல்லை, இரண்டு ரோலருக்கும் நடுவில் இருக்கும் வெற்றிடத்தில் இருக்கிறது.

முதலில் இராட்டையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு கை சக்கரத்தைச் சுற்றுகிறது. மறு கையின் விரல்கள் பஞ்சை மெல்ல இழுத்து மெலிய விடுகின்றன. மூன்று வேலை: இழுப்பது, முறுக்குவது, சுற்றுவது. முறுக்குவதற்கும் சுற்றுவதற்கும் கருவி செய்வது அவ்வளவு கடினமில்லை. காலால் மிதிக்கும் ஐரோப்பிய இராட்டையில் பிளையர் என்ற கவை பொருத்தி, முறுக்கிக்கொண்டே சுற்றும் ஏற்பாட்டை இவர்களுக்கு 200 ஆண்டு முன்பே செய்துவிட்டார்கள். கடினமானது இழுப்பது. பாட்டியின் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இருக்கும் அறிவு அது. எங்கே பருமனாக இருக்கிறதோ அங்கே கொஞ்சம் அதிகம் இழுப்பாள், மெலிந்த இடத்தை விட்டுவிடுவாள். அந்த விரலுக்கு மாற்றாகத்தான் ரோலர் வந்தது.

பஞ்சு இழைக்கு ஒரு நீளம் உண்டு. 28, 29 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி ரோலருக்கு இடையே இருக்கும் தூரம் அதைவிடக் குறைவாக இருந்தால், ஒரே இழையைப் பின் ரோலரும் பிடித்திருக்கும், முன் ரோலரும் பிடித்திருக்கும். ஒன்று இழை அறும், இல்லையென்றால் முன் ரோலர் வழுக்கிக்கொண்டு பஞ்சு இழுபடாமல் கட்டையாக வெளியே வரும். தூரம் மிக அதிகமாக இருந்தால், நடுவில் இருக்கும் இழைகளை எந்த ரோலரும் பிடித்திருக்காது. அவை மிதக்கும். அக்கம்பக்கத்து இழைகளோடு கும்பலாகப் போகும். நூல் ஓரிடம் தடித்து, ஓரிடம் மெலிந்து பாம்பு விழுங்கிய எலிபோல வரும். ஆக, இழையின் நீளத்தைவிட ஒரு மயிரளவு கூடுதலான தூரம் வேண்டும். அதோடு மேல் ரோலர் இழையை நழுவ விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஆர்க்ரைட்டின் இயந்திரத்தில் இந்த இரண்டும் சரியாக இருந்தன. ரோலர்களுக்கு இடையே உள்ள தூரம் பஞ்சின் நீளத்துக்கு ஏற்ப இருந்தது. மேல் ரோலருக்குத் தோல் உறை, கீழ் ரோலரில் வரிப்பள்ளம், மேல் ரோலரை இறுக்க எடைக் கட்டிகள் தொங்கவிடப்பட்டன. பாலின் காப்புரிமையில் ரோலர் வேகம் பற்றி இருக்கிறது. இந்தத் தூரம் பற்றிய தெளிவு இல்லை. என்னைப் பொறுத்தவரை, வேகத்தைக் கண்டுபிடித்தவர் பால், நூலைக் கண்டுபிடித்தவர் தூரத்தைப் பிடித்தவர்.

இது ஏட்டில் படித்துச் சொல்வதில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. நான் இருந்த ஆலையில் ஒரு நாள் பஞ்சு ரகத்தை மாற்றினார்கள், நீளமான ரகம். ஆனால் செட்டிங்கை, அதாவது ரோலர்களுக்கு இடையே உள்ள தூரத்தை, மாற்றும்படி யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அரை மணி நேரத்தில் இருபது பிரேமிலும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. பிரேம்களைக் கவனிக்கும் பெண்கள் ஓடி ஓடி இணைத்தார்கள், இணைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அறுந்தது. முன் ரோலரின் கீழே விரலை வைத்தால் பஞ்சு கட்டை கட்டையாகத் தட்டுப்பட்டது. இயந்திரம் சரிபார்க்கும் வயதான பிட்டர் ஒருவர் வந்தார். எதுவும் பேசவில்லை. தூரம் அளக்கும் கேஜை எடுத்துப் பின் ரோலரை இரண்டு மில்லிமீட்டர் தள்ளினார். பிரேம் அடங்கிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர். லூயிஸ் பாலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு மில்லிமீட்டர்தான் நினைவுக்கு வரும்.

தம்பி, உங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஸ்லைவர் (சிக்கெடுத்த பஞ்சின் முறுக்காத திரி) இருக்கும். ஓர் அடி எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் பிடித்து, கைக்கு இடையே உள்ள தூரத்தை மாற்றி மாற்றி இழுத்துப் பாருங்கள். மருந்துக் கடைப் பஞ்சு வேண்டாம், அதில் இழை குட்டை.

ஏட்டுப்பூச்சி
செவ்வாய், காலை 8.20

மாஸ்டர் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆனால் "தூரத்தைப் பிடித்தவர்" ஆர்க்ரைட்தான் என்று முடிவு கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. லீ என்ற ஊரில் தாமஸ் ஹைஸ் என்பவர் இருந்தார். தறிக்கு அச்சு (பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற சட்டம்) கட்டித் தருவது அவர் தொழில். ரோலர் இயந்திரத்துக்கு மாதிரி செய்யச் சொல்லி வாரிங்டன் கடிகாரக்காரர் கேயிடம் கொடுத்தவர் அவர். அந்தக் கேயிடமிருந்து விவரம் தெரிந்துகொண்டுதான், பிரெஸ்டன் ஊரில் பிறந்து முடிதிருத்தும் தொழிலும் பொய்முடி செய்யும் தொழிலும் செய்துவந்த ஆர்க்ரைட் இயந்திரம் கட்டினார். 1785ஆம் ஆண்டு லண்டன் நீதிமன்றத்தில் ஹைஸும் கேயும் நேரில் வந்து சாட்சி சொன்னார்கள். ஹார்கிரீவ்ஸின் மனைவியும் மகனும் கூடச் சாட்சி சொன்னார்கள். ஆர்க்ரைட்டின் 1775ஆம் ஆண்டுக் காப்புரிமை ரத்தானது. (1769ஆம் ஆண்டுக் காப்புரிமை 14 ஆண்டுக் காலம் முடிந்து 1783லேயே காலாவதியாகியிருந்தது.) மறுஆண்டே அரசர் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார். ஹைஸுக்கு என்ன கிடைத்தது?

ரிங்பிரேம்38
செவ்வாய், காலை 8.47

ஹைஸ் பெயரை நான் மறைக்கவில்லை ஐயா, சொல்லாமல் விட்டது என் தவறு. அவரே அந்தத் தூரத்தைக் கண்டிருந்தால் பெருமை அவருக்கே போகட்டும். ஆனால் ஆர்க்ரைட் செய்த ஒரு காரியத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 1771இல் கிராம்போர்டில் ஜெடிடயா ஸ்ட்ரட், சாமுவேல் நீட் ஆகியோரின் பணத்தோடு நீராலை கட்டினார். பஞ்சு ஒரு முனையில் போய் நூல் மறுமுனையில் வரும்வரை ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு ஏற்ற வேகத்தில் ஓடியது. நூற்புக்கு முன் பஞ்சைத் தயார் செய்யும், இன்று நாம் "பிரிபரேட்டரி" என்று சொல்லும் பிரிவு முழுவதும் அங்கே ஒழுங்கானது. ஒரு இயந்திரம் சரியாக ஓடுவது வேறு, ஒரு ஆலை சரியாக ஓடுவது வேறு. இந்த இரண்டாவது எவ்வளவு கடினம் என்று 38 ஆண்டு பார்த்தவன் நான்.

அவர் குழந்தைகளை வைத்து இரவும் பகலும் வேலை வாங்கினார் என்பதும் உண்மை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

தறிமேடை
செவ்வாய், காலை 11.05

இரண்டு கேயையும் ஒன்றாக்கியது என் தவறுதான், ஏட்டுப்பூச்சி, திருத்தியதற்கு நன்றி.

நெசவாளர் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். வாட்டர் பிரேம் வரும்வரை லங்காஷயரில் முழுப் பருத்தித் துணி நெய்ய முடியவில்லை. பருத்தியில் அவர்கள் நூற்ற நூல் பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் நூலுக்கு, தாங்காது. பாவு நூல் இழுபடும், அச்சில் உரசும், பாவைத் தூக்கி இறக்கும் விழுதில் ஏறி இறங்கும். அதனால் பாவுக்கு லினன், ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்தார்கள். ஜென்னி நூலும் மென்முறுக்கு, ஊடைக்குத்தான் ஆகும். வாட்டர் பிரேமின் நூல் கெட்டி முறுக்கு. அதைப் பாவாகப் போட்டதும் முழுப் பருத்தித் துணி வந்தது. இந்தியத் துணிக்குப் பயந்து 1721இல் போட்ட சட்டம் அச்சிட்ட, சாயமிட்ட முழுப் பருத்தித் துணி விற்பதையும் உடுத்துவதையும் தடுத்திருந்தது. 1774இல் ஆர்க்ரைட் தரப்பே நாடாளுமன்றத்தில் போராடி, உள்நாட்டில் நெய்ததற்கு மட்டும் அந்தத் தடையை நீக்க வைத்தது.

அதாவது நம் ஊர்ப் பாவு நூலை அவர்கள் எட்டிப் பிடிக்க அவ்வளவு காலம் பிடித்தது. இங்கே பெண்கள் விரலாலேயே அதைச் செய்துகொண்டிருந்தார்கள்.

வெள்ளைநூல்
செவ்வாய், மதியம் 1.30

ஜென்னி பற்றி யாரும் எழுதவில்லையே. ஹார்கிரீவ்ஸின் மகள் ஜென்னி இராட்டையைத் தட்டிவிட, அது சாய்ந்தபடியே சுற்றியதைப் பார்த்து அவருக்கு யோசனை வந்தது என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அழகான கதை. வகுப்பில் சொல்லலாம்.

ஏட்டுப்பூச்சி
செவ்வாய், மதியம் 2.02

சொல்ல வேண்டாம். அவருக்கு அந்தப் பெயரில் மனைவியும் இல்லை, மகளும் இல்லை. மனைவி பெயர் எலிசபெத். எஞ்சின் என்ற சொல்லே லங்காஷயர் வாயில் தேய்ந்து ஜென்னி ஆனது என்பதுதான் பொருத்தமான விளக்கம்.

உண்மைக் கதையே போதும். 1761இல் லண்டன் கலைக் கழகம் ஒரு போட்டி அறிவித்தது. ஒரே ஆள் இயக்கி, ஒரே நேரத்தில் ஆறு இழை நூற்கும் இயந்திரத்துக்கு 50 பவுண்டு பரிசு. நூல் பஞ்சம் நாட்டுப் பிரச்சினையாகிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஹார்கிரீவ்ஸ் ஸ்டான்ஹில் என்ற சிற்றூரின் நெசவாளர். 1764 வாக்கில் அவர் செய்த ஜென்னியில் எட்டுக் கதிர். பஞ்சுத் திரிகளை ஒரு மரச்சட்டம் கவ்விப் பிடிக்கும். சட்டத்தைப் பின்னால் இழுத்தால் எட்டுத் திரியும் ஒன்றாக நீளும். சக்கரத்தைச் சுற்றினால் முறுக்கேறும். கம்பி ஒன்றைத் தாழ்த்திச் சட்டத்தை முன்னே தள்ளினால் நூல் கதிரில் சுற்றிக்கொள்ளும். வீட்டுக்குள்ளேயே வைக்கலாம். 1768இல் கூட்டம் புகுந்து அவர் இயந்திரங்களை உடைத்தது. நாட்டிங்காமுக்குக் குடிபெயர்ந்து 1770இல் 16 கதிர் ஜென்னிக்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால் அதற்கு முன்பே சிலவற்றை விற்றிருந்ததால் அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை.

கைராட்டை
செவ்வாய், மாலை 6.15

இந்த உரையாடலை முழுதும் படித்தேன். எல்லோரும் கண்டுபிடித்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். உடைத்தவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அவர்கள் மூடர்கள் இல்லை. 1779ஆம் ஆண்டுக் கலவரத்தில் ஆர்க்ரைட்டின் பிர்க்கேகர் ஆலை அழிந்தது. அதே கலவரத்தில் இருபது சொச்சம் கதிருக்கு மேற்பட்ட ஜென்னிகளைத்தான் நொறுக்கினார்கள், சிறிய ஜென்னிகளை விட்டுவிட்டார்கள். ஏன்? சிறியது குடிசைக்குள் நுழையும், குடும்பத்துப் பெண் நூற்கலாம். பெரியது அந்தப் பெண்ணின் கூலியைப் பிடுங்கிக்கொண்டு முதலாளியின் கொட்டகைக்குப் போய்விடும். எந்த அளவில் இயந்திரம் தங்களுக்கு உதவும், எந்த அளவில் தங்களை விழுங்கும் என்று கணக்குப் போட்டு உடைத்திருக்கிறார்கள்.

இன்னொரு கணக்கு. பொருளாதார வரலாற்றில் பலரும் எடுத்தாளும் எண்கள். 100 பவுண்டு பஞ்சை நூலாக்க, 18ஆம் நூற்றாண்டு இந்தியப் பெண்ணின் கைக்கு 50,000 மணி நேரம். 1780இல் மியூலுக்கு 2,000. 1795 வாக்கில் விசையின் துணையோடு ஓடிய மியூலுக்கு 300. 1825இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸின் தானியங்கி மியூலுக்கு 135. இந்த எண்களைப் படிக்கும்போது எனக்கு இயந்திரம் தெரிவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து நூற்ற கைம்பெண்கள் தெரிகிறார்கள். வேறு எந்த வேலைக்கும் போக முடியாத பெண்ணுக்கு இராட்டைதான் கஞ்சி ஊற்றியது. 50,000த்தை 135 வெல்லும்போது அவள் என்ன ஆவாள்?

ரிங்பிரேம்38
செவ்வாய், இரவு 8.40

அம்மா, நீங்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. என் பாட்டி நூற்றவள். என் அம்மா ஆலையில் கோன் வைண்டிங்கில் (நூலைக் கூம்புகளில் சுற்றும் பிரிவு) வேலை பார்த்தவள். எங்கள் குடும்பத்தை ஆலைதான் தூக்கிவிட்டது. பாட்டியின் இராட்டையை நிறுத்தியதும் ஆலைதான். இரண்டையும் ஒரே வீட்டில் பார்த்தேன்.

மியூல் பற்றி மட்டும் எழுதிவிடுகிறேன், தம்பிக்குத் தேவைப்படும். போல்டனுக்கு அருகில் ஹால் இத் உட் என்ற பழைய வீட்டில் குடியிருந்த சாமுவேல் கிராம்ப்டன், ஜென்னி நூல் அடிக்கடி அறுவதில் சலித்துப்போய் ஐந்தாண்டு உழைத்து 1779இல் இதை முடித்தார். நாடகக் கொட்டகையில் வயலின் வாசித்த காசில் கருவிகள் வாங்கினார். கலவரக்காரர்கள் வருவார்கள் என்று இயந்திரத்தைக் கழற்றிப் பரணில் ஒளித்து வைத்தார். ரோலர் வாட்டர் பிரேமிலிருந்து, நகரும் வண்டி ஜென்னியிலிருந்து. இரண்டு இனம் சேர்ந்ததால் மியூல், கோவேறு கழுதை.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, பாடத்தில் சொல்ல மாட்டார்கள். ரோலர் பஞ்சை வெளியே விடும் வேகத்தைவிட வண்டி சற்று அதிக வேகத்தில் பின்வாங்கும். அப்போது நூலில் முறுக்கு ஓடிக்கொண்டிருக்கும். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடித்தான் முதலில் போகும். மெலிந்த இடம் முறுக்கேறிக் கெட்டியாகிவிட, இழுபடுவது தடித்த இடம் மட்டுமே. ஆக நூல் தன்னைத்தானே சமன் செய்துகொள்ளும். நான் முன்பு சொன்னேனே, பாட்டியின் விரல் தடித்த இடத்தை மட்டும் இழுக்கும் என்று? அந்த அறிவு இயந்திரத்துக்குள் வந்தது இங்கேதான். அதனால்தான் மஸ்லின் என்ற மெல்லிய துணிக்கு வேண்டிய 80ஆம் நம்பர் நூலை (நம்பர் கூடக் கூட நூல் மெலியும்) அவரால் நூற்க முடிந்தது. அந்த நூல் பவுண்டு 42 ஷில்லிங்குக்கு விலை போனது.

காப்புரிமைக்குப் பணம் இல்லை. நன்கொடை தருவதாகச் சொன்ன உற்பத்தியாளர்களை நம்பி ரகசியத்தைத் திறந்து காட்டினார். கைக்கு வந்தது 60 பவுண்டு சொச்சம். 1811இல் ஆலை ஆலையாகச் சென்று எண்ணிப் பார்த்தபோது நாட்டில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட மியூல் கதிர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மறுஆண்டு நாடாளுமன்றம் 5,000 பவுண்டு கொடுத்தது. இன்று நாம் ஆலைகளில் ஓட்டும் நூற்பு இயந்திரமான ரிங் பிரேமுக்கு வித்து 1828இல் அமெரிக்காவில் ஜான் தார்ப் போட்டது. ஆனால் அதிலும் இழுப்பது அதே ரோலர்தான்.

கைராட்டை
செவ்வாய், இரவு 9.25

உங்கள் பதிலுக்கு நன்றி ஐயா. பாட்டி, அம்மா இருவரையும் சேர்த்து எழுதியது மனதில் நிற்கிறது.

ஏட்டுப்பூச்சி 1761 போட்டியைச் சொன்னதும் எனக்கு இன்னொரு போட்டி நினைவுக்கு வந்தது. 1929இல் காந்தியின் அகில இந்திய நூற்போர் சங்கம், கிராமத்துக் குடிசையில் ஓடக்கூடிய, விலை 150 ரூபாய்க்கு மிகாத மேம்பட்ட இராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1949இல், நம் தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன் ஒரு இராட்டை செய்தார். அவர் பெயரிலிருந்தே அதற்கு அம்பர் சர்க்கா என்று பெயர் வந்தது. நான் அதில் நூற்றிருக்கிறேன். கைப்பிடியைச் சுற்றினால் நான்கு கதிரும் சுற்றும். பஞ்சை இழுப்பது என் விரல் இல்லை, சின்னச் சின்ன ரோலர்கள். பால் கண்ட கனவு ஒரு கைப்பிடியோடு குடிசைக்கே திரும்பி வந்தது. அந்தக் கலவரக்காரர்கள் விட்டுவைத்த அளவிலான இயந்திரம்!

பஞ்சுப்பட்டை
புதன், மாலை 5.40

ஆய்வகத்தில் ஸ்லைவர் வாங்கி இழுத்துப் பார்த்தேன், மாஸ்டர் ஐயா. முதலில் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பிடித்தேன். கயிற்றை இழுப்பதுபோல் இருந்தது, அசையவே இல்லை. அடுத்து ஒரு சாண் விட்டுப் பிடித்தேன். இழுத்ததும் நடுவில் ஓரிடம் மட்டும் மெலிந்து பிய்ந்துவிட்டது, பக்கத்தில் கட்டியாக நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கையை நெருக்கினேன். ஏறக்குறைய மூன்றரை சென்டிமீட்டரில் சட்டென்று கைக்குள் ஏதோ இளகியது. பஞ்சு வழுக்கிக்கொண்டு, சத்தமே இல்லாமல், ஒரே சீராக நீண்டது.

வகுப்பில் ஸ்லைவரை எல்லோர் கையிலும் ஓர் அடி கொடுத்துவிட்டு லூயிஸ் பாலிலிருந்து தொடங்கப் போகிறேன். கைராட்டை அம்மா, அந்த அம்பர் சர்க்காவை எங்கே போய்ப் பார்க்கலாம்?